இம்பெல்லர் புதுசு, தண்ணீரும் நன்றாகப் பீய்ச்சுகிறது, ஆனாலும் மோட்டார் கொதிக்கிறது. எதைப் பார்க்கலாம்?

கூடுதாழை வள்ளம்:
அண்ணன்மாரே, ஒரு உதவி வேண்டும். பைபர் வள்ளத்தில் 9.9 குதிரைத் திறன் மோட்டார் போட்டிருக்கிறேன். டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற வகை. அலையைத் தாண்டி வெளியே போகிற வரை ஒன்றும் தெரியாது. முழு வேகம் கொடுத்துக் கொஞ்ச நேரம் ஓடினால் பெயிண்ட் கருகுகிற வாடை வருகிறது, வேகம் தானாக இறங்குகிறது, அப்புறம் நின்றே போகிறது. மூடியைத் திறந்து சிலிண்டர் ஹெட்டில் தண்ணீர் தெளித்தால் சொய்ங் என்கிறது. ஆற விட்டால் மறுபடி கிளம்பும். பாதி வேகத்தில் உருட்டிக்கொண்டே கரைக்கு வந்துவிடலாம்.

இம்பெல்லர், அதுதான் தண்ணீர் பம்புக்குள் சுற்றுகிற ரப்பர் இதழ்ச் சக்கரம், போன மாதம்தான் மாற்றியது. பின்னால் பீய்ச்சுகிற தண்ணீர் முன்னைவிட வேகமாகவே வருகிறது. அது வந்தாலே கூலிங் சரி என்றுதானே எல்லாரும் சொல்வார்கள்? ஆயில் கலவையும் புத்தகத்தில் சொன்ன கணக்குதான். கரையில் ஒருத்தர் தெர்மோஸ்டாட்டை (சூடு ஏறினால் திறந்து தண்ணீரை விடுகிற வால்வு) கழற்றி எறி என்கிறார், ஒருத்தர் ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கு அடியில் கசியாமல் வைக்கிற தகடு) போயிருக்கும் என்கிறார், இன்னொருத்தர் கூடங்குளம் அணுமின் நிலையத்துச் சுடுதண்ணீர் என்கிறார். இது கச்சான் (தென்மேற்கு) காற்று அடிக்கிற நேரம், வெளியே போய் மோட்டார் படுத்தால் என்ன கதி என்று உங்களுக்கே தெரியும்.

உவரிக்கரை:
தம்பி, சுடுதண்ணீர் கதையை விடு. நம்ம கடல் சாதாரணமாகவே 28, 30 டிகிரி இருக்கும், அதில் கொஞ்சம் கூடினாலும் மோட்டாருக்கு ஒன்றும் ஆகாது. முதலில் மோட்டாரைத் தூக்கி, கீழே தண்ணீர் இழுக்கிற சல்லடையைப் பார். சாக்கு நூல், வலைத்துண்டு, பாலிதீன் எது ஒட்டினாலும் இந்தக் கூத்துதான். சொறி (ஜெல்லி மீன்) வருகிற காலத்தில் எங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறது. சல்லடையில் கூழ் மாதிரி அப்பிக்கொள்ளும், மோட்டாரை நிறுத்தினால் தானாக விழுந்துவிடும், அதனால் தூக்கிப் பார்க்கும்போது சுத்தமாகவே தெரியும்.

இன்னொன்று, மோட்டார் என்ன உயரத்தில் தொங்குகிறது? புரொப்பல்லருக்கு மேலே இருக்கிற தட்டை இறக்கை வள்ளத்தின் அடிமட்டத்துக்குச் சரியாகவோ கொஞ்சம் கீழேயோ இருக்க வேண்டும். 20 இன்ச் கால் (தண்ணீருக்குள் இறங்குகிற பகுதி) போட வேண்டிய இடத்தில் 15 இன்ச் கால் மோட்டாரை மாட்டினால், வலையும் ஐஸும் முன்பக்கம் அணியத்தில் இருக்கும்போது பின்பக்கம் அமரம் தூக்கிக்கொள்ளும், பம்பு காற்றைக் குடிக்கும்.

கூடுதாழை வள்ளம்:
சல்லடை சுத்தம் அண்ணே. தட்டை இறக்கை அடிமட்டத்துக்கு ரெண்டு விரல்கடை கீழேதான் இருக்கிறது. பாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே மாதிரிதான் சுடுகிறது.

கூட்டப்புளி:
தெர்மோஸ்டாட்டைக் கழற்று. நம்ம ஊர்ச் சூட்டுக்கு அது எதுக்கு? குளிர் நாட்டுக்காரனுக்குச் செய்தது. எங்கள் கரையில் பாதிப் பேர் இல்லாமல்தான் ஓட்டுகிறார்கள்.

திசையன்விளை மெக்கானிக்:
கூட்டப்புளி அண்ணே, கோபப்படாதீர்கள், இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடல் தண்ணீரில் ஓடுகிற மோட்டாருக்கு தெர்மோஸ்டாட் 50, 60 டிகிரியில் திறக்கிற மாதிரிதான் பொதுவாக வைத்திருப்பார்கள். அதற்கு மேலே போனால் உள்ளே சுண்ணாம்பும் உப்பும் படியும், ரொம்பக் கீழே போனால் எரிபொருள் சரியாக ஆவியாகாது. பெட்ரோலாவது பரவாயில்லை, மண்ணெண்ணெய்க்குச் சூடு கட்டாயம் வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாமல் மெதுவாக ஓட்டினால் எரியாத மண்ணெண்ணெய் உள்ளே நனைந்து கிடக்கும், பிளக் கரி பிடிக்கும், ரிங் ஒட்டிக்கொள்ளும். பாதிப் பேர் ஓட்டுகிறார்கள் என்பது உண்மைதான், அந்தப் பாதிப் பேர்தான் பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள்.

சோதித்துப் பார்க்கக் கழற்றுங்கள், அதில் தப்பில்லை. ஒரு நூலில் கட்டி, சட்டிச் சுவரில் படாமல் சுடுதண்ணீரில் தொங்கவிட்டால் திறக்கிறதா இல்லையா என்று கண்ணுக்கே தெரியும்.

கூடுதாழைத் தம்பி, உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. கழற்றின பழைய இம்பெல்லரைப் பார்த்தீர்களா? அதில் எத்தனை இதழ் முழுசாக இருந்தது?

கூடுதாழை வள்ளம்:
நான் பக்கத்தில் இல்லை அண்ணாச்சி, மாற்றினவர் பழசைத் தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தார். இப்போதுதான் போய் எடுத்துப் பார்த்தேன். ஆறு இதழில் நாலுதான் இருக்கிறது. ரெண்டு அடியோடு பிய்ந்திருக்கிறது.

திசையன்விளை மெக்கானிக்:
அப்படி வாருங்கள். அந்த ரெண்டும் எங்கே போயிருக்கும்? பம்பு தண்ணீரை மேலேதான் தள்ளுகிறது, பிய்ந்த ரப்பரையும் மேலேதான் தள்ளும். பம்பிலிருந்து தண்ணீர் ஏறுகிற செம்புக் குழாயில், அதற்கு மேலே பிளாக்கின் தண்ணீர் வழியில், இல்லாவிட்டால் தெர்மோஸ்டாட் அறையில் சிக்கிக்கொண்டு கிடக்கும். புது இம்பெல்லர் போடுகிறவர் துண்டுகளைச் சேர்த்துவைத்து, பழசு முழுசாகிறதா என்று பார்க்காமல் மூடக் கூடாது. அவசரத்தில் பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

தண்ணீர் வேகமாகப் பீய்ச்சுகிறது என்று சொன்னபோதே எனக்குச் சந்தேகம்தான். பல மாடல்களில் பின்னால் பீய்ச்சுகிற அந்தச் சின்ன ஓட்டைக்குப் போகிற கிளை, ஹெட்டுக்குப் போவதற்கு முன்னாலேயே பிரிந்துவிடும். அப்படி இருந்தால், ஹெட் பக்கம் அடைத்தாலும் ஓட்டையில் தண்ணீர் வரும், போக வழி இல்லாததால் கூடுதலாகவே வரும். பம்பு உயிரோடு இருக்கிறது என்பதைத் தவிர அது வேறொன்றும் சொல்லாது. பாதி வேகத்தில் தாங்குகிறது, முழு வேகத்தில் சுடுகிறது என்பதும் இதற்கு ஒத்துப்போகிறது. கசிகிற அளவு தண்ணீர் குறைந்த சூட்டுக்குப் போதும், முழு வேகத்துக்குப் போதாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். கியர் பாக்ஸோடு மோட்டாரின் காலைக் கழற்றி இறக்குங்கள். மேலே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, அந்த வாயில் ரப்பர் ஓஸை வைத்துத் துணி சுற்றி இறுக்கிப் பிடித்து, மேலிருந்து கீழாகத் தண்ணீர் விடுங்கள். வந்த வழியே திரும்பி வர வேண்டும் என்பதுதான் கணக்கு. கீழிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போய் இறுகும். கம்பி விட்டுக் குத்தவே கூடாது. வரவில்லை என்றால் ஹெட்டையும் பக்கவாட்டு மூடியையும் திறக்க வேண்டியதுதான். திறந்தால் கேஸ்கட் புதுசு போடுங்கள், பழசைத் திருப்பி ஒட்டாதீர்கள்.

காலை இறக்கியிருக்கும்போதே இம்பெல்லர் சுற்றுகிற கிண்ணத்தையும் அடித்தகட்டையும் நகத்தால் தடவிப் பாருங்கள். நம்ம பக்கம் அலை வாயிலேயே மோட்டாரைக் கிளப்புகிறோம், அந்த இடத்துத் தண்ணீரில் பாதி மணல். நகம் மாட்டுகிற அளவு கோடு விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், புது ரப்பர் போட்டும் பிரயோசனம் இல்லை. திருப்பிப் போடும்போது இதழில் சோப்புத் தண்ணீர் தடவி, தண்டை வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே கிண்ணத்தை இறக்கினால் இதழ் சரியான பக்கம் மடங்கும். செம்புக் குழாய் அதன் ரப்பர் வளையத்துக்குள் உட்கார்ந்ததா என்று பார்க்காமல் போல்ட்டை இறுக்காதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறுகிற அழுத்தம்) பாருங்கள். தண்ணீர் சொய்ங் என்றால் ஹெட் 100 டிகிரியைத் தாண்டியிருக்கிறது என்று அர்த்தம், பிஸ்டன் உரசியிருக்கலாம். ரெண்டு சிலிண்டருக்கும் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் வந்தால் கடலுக்குப் போகாமல் முதலில் என்னைப் போல ஒருத்தரிடம் காட்டுங்கள்.

இடிந்தகரை:
அண்ணாச்சி சொன்னது சரி. ஓடாத நேரத்திலும் ஒரு வேலை இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவுக்கு உப்பு. மோட்டாரை நிறுத்தினதும் உள்ளே நிற்கிற தண்ணீர் அந்தச் சூட்டிலேயே வற்றி உப்பாகிவிடும். கரைக்கு வந்ததும் டிரம்மில் நல்ல தண்ணீர் நிரப்பி அஞ்சு பத்து நிமிஷம் ஓட விட வேண்டும். குடிக்கவே லாரித் தண்ணீருக்கு நிற்கிற ஊரில் மோட்டாருக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். குடிதண்ணீர் வேண்டாம், கரைக் கிணற்றுச் சப்புத் தண்ணீர் போதும், கடலுக்கு அது எவ்வளவோ மேல். சல்லடை முழுகுகிற மட்டத்துக்கு மேலேயே தண்ணீர் நிற்கட்டும். வெறும் காற்றில் கிளப்பினால் ஒரு நிமிஷத்துக்குள் ரப்பர் கருகும்.

உள்ளே உப்பு கட்டியாகிவிட்டால் டிரம் தண்ணீரில் வினிகர் கலந்து ஓட்டி, அப்புறம் நல்ல தண்ணீரால் அலசலாம். கக்கூஸ் கழுவுகிற ஆசிட்டை ஊற்றச் சொல்லி யாராவது வந்தால் அவர்களை அப்படியே திருப்பி அனுப்புங்கள். அலுமினியத்தைத் தின்றுவிடும்.

கூட்டப்புளி:
பிளக் கரி பிடிப்பது எனக்கும் இருக்கிறது, அதை மண்ணெண்ணெய்த் தரம் என்று நினைத்திருந்தேன். தெர்மோஸ்டாட் போட்டுப் பார்க்கிறேன். தம்பி, நடுக்கடலில் சுட்டால் என்ன செய்கிறாய்? ஹெட் மேல் கடல் தண்ணீரை ஊற்றிவிடாதே, வெடிப்பு விடும். பீய்ச்சுகிற தண்ணீர் நின்றிருந்தால் உடனே நிறுத்து. வந்துகொண்டிருந்தால் வேகத்தைக் குறைத்து நியூட்ரலில் கொஞ்சம் ஓடவிட்டு அப்புறம் நிறுத்து.

கூடுதாழை வள்ளம்:
கிடைத்துவிட்டது. மேலிருந்து தண்ணீர் விட்டதும் ஒரு இதழ் செம்புக் குழாய் வழியே கீழே விழுந்தது. இன்னொன்று வரவே இல்லை, ஹெட்டைத் திறந்தோம், தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே போகிற வழியில் உப்போடு சேர்ந்து களிமண் மாதிரி அப்பியிருந்தது. ரெண்டையும் பழைய இம்பெல்லரோடு வைத்துப் பார்த்தேன், ஒரு மூலை தவிர முழுசாகப் பொருந்துகிறது. அடித்தகட்டில் வட்டமாகக் கோடு, அதையும் மாற்றியாகிவிட்டது. கம்ப்ரஷன் ரெண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தெர்மோஸ்டாட் சுடுதண்ணீரில் திறந்தது, அதையே திருப்பிப் போட்டேன். இன்றைக்கு முழு வேகத்தில் வெளியே போய் வந்தோம், ஹெட்டில் கை வைக்க முடிகிறது. பின்னால் பீய்ச்சுவது முன்னைவிடக் குறைந்திருக்கிறது. அது சரிதானே?

திசையன்விளை மெக்கானிக்:
சரிதான், இப்போதுதான் தண்ணீர் போக வேண்டிய இடத்துக்கும் போகிறது. விட்டுப்போன அந்த மூலைத் துண்டை மட்டும் மறக்க வேண்டாம். சின்னதுதான், வெளியே போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. கொஞ்ச நாள் மூடியைத் திறந்து ஹெட்டைத் தொட்டுப் பாருங்கள், மறுபடி சூடு ஏறினால் முதலில் தெர்மோஸ்டாட் அறையைத் திறங்கள்.

உவரிக்கரை:
ஹெட் கேஸ்கட் எங்கே வாங்கினாய் தம்பி? எனக்கும் அதே மோட்டார்தான்.

கூடுதாழை வள்ளம்:
தூத்துக்குடியில் அண்ணே. நாகர்கோவிலில் கேட்டேன், ஆர்டர் போட வேண்டும் என்றார்கள். மோட்டார் நம்பர் தகட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், ஒரே குதிரைத் திறனிலேயே கேஸ்கட் வேறு வேறு அளவில் வருகிறது.