புதுப்பிப்பு: வாணியம்பாடியில் எந்தப் பள்ளிவாசலில் தொழுவது?

காயல்பட்டினத்தில் இஸ்லாமியச் சட்ட மரபுகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபில் வளர்ந்த நான், வேலைக்காக வாணியம்பாடி வந்தபின் தெருமுனைப் பள்ளியில் மற்றொரு மத்ஹபான ஹனஃபியைப் பின்பற்றும் இமாமின் பின்னே தொழலாமா, அல்லது மத்ஹபுகளைப் பின்பற்றாத, தொலைவிலுள்ள தவ்ஹீத் பள்ளிக்குச் செல்வதா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். தெருமுனைப் பள்ளியையே தேர்ந்தெடுத்துவிட்டேன்.

எனக்கிருந்த பெரிய தயக்கம் சுப்ஹு எனும் அதிகாலைத் தொழுகையில் நாங்கள் நின்று ஓதும் குனூத் பிரார்த்தனையைப் பற்றியது. இமாம் ஓதாவிட்டாலும், ஸஜ்தாவில் (நெற்றியைத் தரையில் வைக்கும் நிலையில்) அவரை எட்டிவிட முடியுமானால் நான் தனியே சுருக்கமாக ஓதிக்கொள்ளலாம் என்று ஊரிலுள்ள ஆலிம் (மார்க்க அறிஞர்) விளக்கினார். ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்தைப் போல் இருமடங்கான பிறகே இங்கே அஸர் எனும் மாலைத் தொழுகைக்கு பாங்கு சொல்கிறார்கள். ஒரு மடங்கிலேயே நேரம் தொடங்கிவிடும் எங்களுக்கு அது காத்திருப்பு மட்டுமே, தடையன்று. ஹனஃபிகள் மெதுவாகச் சொல்லும் ஆமீனை நான் சப்தமாகச் சொன்னபோது பக்கத்திலிருந்த பெரியவர் திரும்பிப் பார்த்தார். மறுநாள் அவரே எனக்கு இடம் ஒதுக்கினார். ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் இரு மத்ஹபிலும் 20 ரக்அத் (தொழுகைச் சுற்று) என்பதால் ரமலானிலும் சிக்கலில்லை.