மறு: வாசிகசாலைக் காட்சியறைக்குக் காசு – அட்டையில் இருக்கிற பெயரெல்லாம் பிழை

எல்லாருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் வாசிகசாலையில் பழைய வீட்டுச் சாமான் வைத்திருக்கிற காட்சியறைக்குக் கண்ணாடி அலுமாரி வாங்கவும் தரைக்கு மாபிள் போடவும் ஆளுக்கு 200 பவுண் வேண்டும் என்று எங்கள் ஊர்ச் சங்கச் செயலாளர் தம்பி போன கிழமை எழுதியதைப் பார்த்தேன். நான் உடனே பதில் போடவில்லை. அக்காவின் மகன் ஆடி மாதம் ஊருக்குப் போயிருந்தான், வாசிகசாலைப் பக்கமும் ஒருக்கால் போய் அந்த அறையைப் படம் எடுத்து அனுப்படா என்று அவனிடம் சொல்லியிருந்தேன். நேற்றிரவு வட்ஸ்அப்பில் 23 படம் வந்தது. பார்த்த பிறகு நித்திரை வரவில்லை.

பிட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து ஆணியில் கொழுவி, கீழே "பூக்கூடை" என்று அட்டை ஒட்டியிருக்கிறார்கள். மூன்று பனையோலைக் கடகம் இருக்கிறது, அவைக்கு "கூடை 1, கூடை 2, கூடை 3". பானை வைக்கிற திருகணைக்குச் சும்மாடு என்று பெயர். அரிக்கன்சட்டிக்கு வெறுமனே "மண்சட்டி". உள்ளுக்கு வரிவரியாகக் கீறல் இருப்பது ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையா? அரிசியைத் தண்ணீர் விட்டு அலசி அரிக்கும்போது கல் அந்த வரியில் தங்கவேண்டும், அரிசி வழுகி வரவேண்டும், அதற்குத்தானே அந்தக் கீறல். அதைச் சொல்லாவிட்டால் அது உடைந்த சட்டிதான், எறிந்துவிடலாம்.

ரொறன்ரோ அத்தான் எழுதியது நியாயம், சங்கத்தின் 2019 கணக்கு இன்னும் வரவில்லை, அது வந்தபிறகு புதுக் காசு கேட்கட்டும். அம்மன் கோயில் கிடாரத்துக்குச் சேர்த்த காசில் மிச்சம் எவ்வளவு என்று நானும் கேட்கிறேன். ஆனால் அத்தான், கணக்கு ஒழுங்காக வந்தாலும் இந்தச் செலவு பிழையான செலவு. மெல்பேர்ன் மச்சாள், அடுத்த ஊர்க்காரர் மாபிள் போட்டுவிட்டார்கள், நாங்கள் குறைந்துபோனோம் என்று எழுதியிருந்தீர்கள். அவர்களுடைய அறையில் என்ன எழுதியிருக்கிறது என்று யாராவது வாசித்தீர்களா? எங்கள் ஊர்ப் பிள்ளை ஒன்று கடகத்துக்கு முன்னால் நின்று அதைக் கூடை என்று வாசிக்கிறதைவிடப் பெரிய குறைச்சல் என்ன இருக்கிறது?

சின்னம்மாவுக்கு இப்போது 84 வயது. காலையில் தொலைபேசி எடுத்து ஒவ்வோர் அட்டையாக வாசித்துக் காட்டினேன். பூக்கூடை என்றதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கதைத்தா. கடகம் என்றால் இரட்டை, உள்ளுக்கு ஒன்று இழைத்து வெளியால் இன்னொன்றைப் பொத்தி, விளிம்பை நாரால் இறுக்கிக் கட்டவேண்டும், அதுதான் நெல்லும் எருவும் சுமக்கும். பெட்டி என்றால் ஒற்றை, அது வீட்டுக்குள் புழங்க. கைக்கு அடக்கமானது குஞ்சுக்கடகம். மூடி போட்டது மூடற்பெட்டி. கிழவிகள் இடுப்பில் செருகி வெற்றிலை பாக்கும் சில்லறையும் வைத்திருந்தது கொட்டைப்பெட்டி. மீன் வாங்கப் போனால் உமல். பனங்கட்டி வந்தது குட்டானில். கள்ளும் கூழும் குடித்தது பிளாவில், தின்னுவதற்குத் தட்டுவம். இவ்வளவும் ஒரே பனையின் ஓலை. குருத்தோலைக்கு எது, சார்வோலைக்கு எது, சத்தகம் என்கிற சின்னக் கத்தியால் எவ்வளவு அகலத்துக்கு வாரவேண்டும் என்று அவ சொல்லிக்கொண்டே போக, நான் பழைய காகித உறைகளின் பின்பக்கத்தில் எழுதினேன். கை வலித்தது.

சுளகைப் பற்றிச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் படத்தில் "சுளகு (முறம்)" என்று ஒரு அட்டை மட்டும் சரியாக இருக்கிறது, ஆனால் அதுவும் அரைவாசிதான் சரி. சுளகால் என்ன செய்வது என்று இப்போது கேட்டால் பிள்ளைகள் புடைக்கிறது என்பார்கள். புடைப்பது ஒன்று, மேலே எற்றி எற்றிப் பதரைப் பறக்கவிடுவது. கொழிப்பது வேறு, பக்கவாட்டில் ஆட்டிக் கல்லையும் மண்ணையும் ஒதுக்குவது. தெள்ளுவது இன்னொன்று, மாவையும் குறுணியையும் பிரிக்கிறது, அதற்கு மணிக்கட்டு மட்டும்தான் அசையவேண்டும், தோள் அசையக்கூடாது என்று அம்மம்மா குட்டுவாவாம். ஒரு சுளகுக்கு மூன்று வினைச்சொல். சாமானைக் கண்ணாடிக்குள் பூட்டினால் இந்த மூன்றும் எங்கே நிற்கும்?

நோர்வேத் தம்பி, அகராதியில் எல்லாம் இருக்கிறதே அக்கா என்று தனி மடல் போட்டிருந்தீர்கள். இருக்கிறது, எனக்கும் அதில் பெருமைதான். மானிப்பாயில் 1842இல் அச்சான அகராதியில் ஐம்பத்தெட்டாயிரத்துக்கு மேற்பட்ட சொல், அந்தக் காலத்தில் எங்கள் மண்ணில் அந்த வேலை நடந்திருக்கிறது. ஆனால் அகராதி பொருளைச் சொல்லும், அளவைச் சொல்லாது, கையைச் சொல்லாது. நாலு சுண்டு ஒரு கொத்து என்று சொல்லிவிடலாம், கொத்தைக் கோபுரமாக அளப்பதா தலைதட்டி அளப்பதா என்று கடன் கொடுத்த வீட்டுக்கும் வாங்கிய வீட்டுக்கும் எத்தனை மனக்கசப்பு வந்தது என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் இடையில் படலை மூடியதே ஒரு கொத்து அரிசியில்தான், நீங்கள் அப்போது பிறக்கவில்லை.

இன்னொன்று, கோப்பை. எங்களுக்குக் கோப்பை என்றால் சோறு தின்கிற தட்டு. இந்தியத் தொலைக்காட்சி பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது தேத்தண்ணி குடிக்கிற ஏனம். அறையில் பீங்கான் கோப்பைக்குப் பக்கத்தில் "தட்டு" என்று போட்டு, கைபிடி வைத்த கப்புக்குக் "கோப்பை" என்று போட்டிருக்கிறார்கள். யாரையும் குற்றம் சொல்லி வேலையில்லை, அட்டை எழுதியது பள்ளிக்கூடப் பிள்ளைகள், அவர்களுக்குப் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுக்க ஒரு கிழவியைக் கூட்டிக்கொண்டுவர ஒருவருக்கும் தோன்றவில்லை.

சரி, இப்போது மூக்குப்பேணி, மூக்கு வைத்த குடிக்கிற ஏனம். இதை எழுதாமல் விட நினைத்தேன், முடியவில்லை. ஒன்பதாவது படத்தில் "பித்தளைக் குவளை, அன்பளிப்பு: வடலியடி குடும்பம்" என்று இருக்கிறது. அது என் அம்மாவின் பேணி. மூக்குக்குக் கீழே பெருவிரல் அகலத்துக்கு ஒரு நெளிவு தெரிகிறதா, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். 1990 ஆனியில் ஊரைவிட்டு எழும்பும்போது அம்மா கையோடு எடுத்தது ஓர் உமலுக்குள் அந்தப் பேணி, ஒரு சாறி, காணி உறுதி, அவ்வளவுதான். அம்மி, ஆட்டுக்கல், இடியப்ப உரல், நாலு பரப்புத் தோட்டம் எல்லாம் அங்கேயே கிடந்தது. 1995 ஐப்பசி (ஒக்டோபர்) 30 இரவு, யாழ்ப்பாணத்தை விட்டுச் சனம் இடம்பெயர்ந்தபோது, மழையில் நாவற்குழிப் பக்கம் சனநெரிசலுக்குள் சைக்கிள் கரியரிலிருந்து விழுந்துதான் அந்த நெளிவு வந்தது. நான் அப்போது லண்டனில், அம்மா பிறகு சொல்லித்தான் தெரியும். கொடிகாமத்தில் இருந்த மாதங்களிலும் அதில்தான் தேத்தண்ணி குடித்தா. மூக்கு உதட்டில் படக்கூடாது, அண்ணாந்து ஒரே ஒழுக்கில் தொண்டைக்குள் விடவேண்டும், கடைசிச் சொட்டுக்குப் பேணியை ஒரு தட்டுத் தட்டுவா, அந்தச் சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. அம்மா போனபிறகு சின்னம்மா வாசிகசாலைக்குக் கொடுத்தது, ஊர்ச் சொத்தாக இருக்கட்டும் என்று. வடலியடியார் கொடுத்தது அதற்கு அடுத்த தட்டில் இருக்கிற சருவச்சட்டி. மூன்று பேர் முன்னிலையில் சாமான் பதிந்த கொப்பி இருக்கிறது, அதைப் பார்த்தால் தெரியும். உபகாரம் செய்த ஆட்களைப் பற்றி நான் குறைவாகப் பேசவில்லை, ஆனால் இல்லாததை எழுதக்கூடாது.

பாரிஸ் பெரியண்ணை, உங்களுக்கு ஒன்று. கிணற்றில் தண்ணீர் இறைக்கிற துலாவும் பனையோலைப் பட்டையும் வைக்க இடமில்லை என்று வெளியில் போட்டிருக்கிறார்களாம், மழையில் பட்டை உக்கிப்போய்க் கிடக்கிற படம் கடைசிப் படம். செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் விளைந்தது அந்தப் பட்டையால்தான். விடியப்புறம் ஐயா துலா மிதிக்க, நீங்கள் கிணற்றுக் கட்டில் நின்று பட்டை பிடிக்க, நானும் அக்காவும் மண்வெட்டியோடு பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற வருவோம். ஐயா துலாவில் முன்னும் பின்னும் நடக்கிற காலடிச் சத்தமும் பட்டை கவிழ்கிறபோது வாய்க்காலில் விழுகிற தண்ணீர்ச் சத்தமும் ஒன்றுவிட்டு ஒன்று கேட்கும். இறைப்பு மெசின் வந்த வருசம் ஐயா துலாக்கொடியை வெட்டவிடாமல் தாவாரத்தில் சாத்தி வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். இதை நீங்கள் உங்கள் வாயால் சொல்லிப் பதிந்து அனுப்பவேண்டும். என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும், நீங்கள்தான் பட்டை பிடித்த ஆள்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. மாபிள் வேண்டாம், கூரை ஒழுக்கை மட்டும் அடையுங்கள். கண்ணாடி அலுமாரியும் வேண்டாம், ஓலைச் சாமான் காற்றில்லாமல் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அந்தக் காலத்தில் அடுப்படியில் புகை படுகிற இடத்தில் கொழுவியதால்தான் பூச்சி அரிக்காமல் இருந்தது. அந்தக் காசில் உயர்தரம் படிக்கிற ஒரு பிள்ளைக்குக் கிழமைக்கு இரண்டு பின்னேரம் சம்பளம் கொடுப்போம். ஊரில் 80 கடந்தவர்கள் ஏழு பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவர் வீட்டுக்கும் ஒரு சாமானைத் தூக்கிக்கொண்டு போய்க் கையில் கொடுத்து, அவர்கள் சொல்வதைப் போனில் பதியட்டும். கையில் சாமான் இருந்தால்தான் வாய் திறக்கும், சும்மா கேட்டால் எல்லாம் மறந்துபோச்சு பிள்ளை என்றுதான் சொல்லுவார்கள். பதிந்ததை 2005இலிருந்து இயங்குகிற "நூலகம்" என்கிற மின்னூலகத்துக்குக் கொடுக்கலாம், எங்கள் சங்கத்துக் கணினியில் மட்டும் கிடக்கவேண்டாம். ஆறு மாதம் போதும். சின்னம்மா முதல் ஆளாக இருக்கச் சம்மதித்துவிட்டா, ஆனால் விரதம் முடியட்டும் என்கிறா.

என் பங்கு 200 பவுணையும் இன்று காலை சங்கக் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். பொருளாளர் தம்பி, பற்றுச்சீட்டில் "சொற்பதிவுக்கு" என்று எழுதி அனுப்புங்கள், காட்சியறைக்கு என்று எழுதினால் திருப்பி அனுப்புவேன். ஒன்பதாவது படத்து அட்டையை மாற்றிப் புதுப் படம் எடுத்து இந்தக் குழுவிலேயே போடவேண்டும். அதில் மூக்குப்பேணி என்று எழுதி, கீழே அம்மாவின் பெயரை எழுதுங்கள்.