சென்னை மக்கள்தொகை 46 லட்சமா, 86 லட்சமா?

குரோம்பேட்டைவாசி:
நேற்று ஆபீஸ் கேன்டீனில் ஒரு பட்டியலைக் காட்டி என்னை வம்புக்கு இழுத்தார்கள். 2011 கணக்கெடுப்புப்படி பெங்களூரு 84 லட்சம், சென்னை வெறும் 46 லட்சம், அகமதாபாத்துக்கும் கீழே ஆறாவது இடம். வீட்டுக்கு வந்து பார்த்தால் அதே கணக்கெடுப்பின் இன்னொரு அட்டவணையில் சென்னை 86.5 லட்சம், பெங்களூரு 85.2 லட்சம் என்று இருக்கிறது. இரண்டுமே அரசாங்கக் கணக்குதான். எதைச் சொல்லி அவர்கள் வாயை அடைப்பது?

ஒயிட்ஃபீல்டு தமிழன்:
முதல் பட்டியல்தான் சரி. மாநகராட்சிக்கு எல்லை இருக்கிறது, வார்டு இருக்கிறது, வரி வாங்குகிறது, குப்பை அள்ளுகிறது. அதற்குள் இருப்பவர்தான் அந்த ஊர்க்காரர். இரண்டாவது, தாம்பரம் ஆவடி என்று அக்கம்பக்கத்து ஊரையெல்லாம் இழுத்துப் போட்டுக் காட்டும் எண். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் என் பிள்ளைகள் என்று சொன்ன மாதிரி.

கணக்கப்பிள்ளை:
தம்பி, 2011 பிப்ரவரியில் வீடு வீடாகப் போய் எண்ணியபோது சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கி.மீ. அதே வருஷம் அக்டோபரில் அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர், மாதவரம் என்று 42 உள்ளாட்சிகளைச் சேர்த்து 426 ஆக்கினார்கள். எட்டு மாதம் தள்ளி எண்ணியிருந்தால் அதே வீடு, அதே ஜனம், ஆனால் 67 லட்சம்! பெங்களூரு இந்த வேலையை 2007லேயே முடித்துவிட்டது; ஏழு நகராட்சி, நூற்றுப்பத்து கிராமம் எல்லாம் உள்ளே வந்து பரப்பு 700 சதுர கி.மீ.யைத் தாண்டியது. அதனால்தான் அதற்கு இரண்டு அட்டவணையிலும் கிட்டத்தட்ட ஒரே எண். கொல்கத்தா கதை இன்னும் மோசம். மாநகராட்சி 45 லட்சம், அக்கரையில் இருக்கும் ஹவுரா முதலான ஒட்டிய ஊர்களைச் சேர்த்தால் 1.41 கோடி.

ஒயிட்ஃபீல்டு தமிழன்:
ஒட்டிய ஊர் என்று யார் முடிவு செய்வது? நடுவில் ஒரு ஏரி வந்தால் ஊர் முடிந்ததா, முடியவில்லையா? எல்லைக்கோடு என்றால் சட்டத்தில் எழுதி வைத்தது, சண்டைக்கே இடமில்லை.

குரோம்பேட்டைவாசி:
என் கேஸைக் கேளுங்கள் சார். எங்கள் வீட்டுக்குக் கடிதம் வந்தால் சென்னை-44. போன் கோட் 044. வீட்டு வரி மட்டும் தாம்பரம் மாநகராட்சிக்கு, 2021க்கு முன்னால் பல்லாவரம் நகராட்சிக்கு. மாவட்டம் 2019 வரை காஞ்சிபுரம், இப்போது செங்கல்பட்டு. மின்சார ரயிலில் மீனம்பாக்கத்தோடு சென்னை மாநகராட்சி முடிகிறது, ஆனால் பல்லாவரத்தில் இறங்குகிற யாரும் வெளியூர் வந்து சேர்ந்துவிட்டோம் என்று இறங்குவதில்லை. ஊரில் கேட்டால் என் அம்மா இன்னமும் "பையன் மெட்ராஸில் இருக்கிறான்" என்றுதான் சொல்கிறார்.

அரக்கோணம் ஃபாஸ்ட்:
நான் தினமும் 70 கி.மீ. ரயிலில் சென்னைக்கு வந்து போகிறவன். அமெரிக்காவில் ஒரு கவுன்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) வேலைக்குப் போகிறவர்களில் 25 சதவீதம் பேர் மைய நகரத்துக்குப் போய் வந்தால் அந்தக் கவுன்டியையே பெருநகரத்தில் சேர்த்துவிடுகிறார்கள். 2022ல் சென்னைப் பெருநகர எல்லையை 5,904 சதுர கி.மீ.க்கு விரித்தபோது அரக்கோணமும் உள்ளே வந்துவிட்டது. என்னையும் எண்ணுவீர்களா?

ஒயிட்ஃபீல்டு தமிழன்:
அப்படியென்றால் ஓசூரை பெங்களூருக்காரர்கள் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், தமிழ்நாடு சும்மா விடுமா? :)

கணக்கப்பிள்ளை:
அண்ணே, உங்களை எண்ண ஆசைதான், ஆனால் வழியில் வயலையும் எண்ணவேண்டி வரும். திட்டம் போடுவதற்கான எல்லை வேறு, ஊர் வேறு. இதற்காகத்தான் ஐ.நா. 2025ல் முறையையே மாற்றியது. நிலத்தை ஒரு சதுர கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு 1,500 பேராவது இருந்து, அப்படிப்பட்ட கட்டங்கள் தொடர்ச்சியாக வந்து மொத்தம் 50,000 பேரைத் தொட்டால் அது நகரம். மாகாண எல்லைக்குள் ஒரு கோடிக்குச் சற்று மேல் இருந்த ஜகார்த்தா இந்தக் கணக்கில் 4.2 கோடியோடு முதலிடத்துக்குப் போனது, டாக்கா இரண்டு, பல வருஷம் முதலிடத்தில் இருந்த டோக்கியோ மூன்று.

ஒயிட்ஃபீல்டு தமிழன்:
அந்த 1,500ம் யாரோ மேஜையில் உட்கார்ந்து வைத்த எண்தானே?

கணக்கப்பிள்ளை:
ஆமாம், ஆனால் எல்லா ஊருக்கும் அதே எண். உங்கள் முறையில் ஊருக்கு ஒரு அளவுகோல். சரி, ஒன்று கேட்கிறேன். 2025 செப்டம்பரில் பெங்களூரு மாநகராட்சியை ஐந்தாகப் பிரித்துவிட்டார்கள். உங்கள் விதிப்படி பெங்களூரு என்ற ஊரே இப்போது பட்டியலில் கிடையாது, ஒயிட்ஃபீல்டில் இருக்கிற நீங்கள் 'பெங்களூரு கிழக்கு' ஊர்க்காரர்.

ஒயிட்ஃபீல்டு தமிழன்:
அதெப்படி? ஐந்தையும் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

குரோம்பேட்டைவாசி:
தாராளமாகக் கூட்டுங்கள். கையோடு தாம்பரத்தையும் ஆவடியையும் எங்கள் பக்கம் கூட்டிவிடுங்கள்.