மேடைக்குப் பின்னால நிண்ட ஆக்களைப் பற்றியும் கதைப்பம்

கோண்டாவிலான்:
போன மாசம் யாழ்ப்பாணம் வீரசிங்கம் மண்டபத்தில ஒரு இசை நாடகம் பாக்கப் போனனான். முடிய மேடையில பொன்னாடை, பேச்சு எண்டு முக்கால் மணித்தியாலம் போச்சுது. என்ர மனசு அதில நிக்கேல்லை, பின்பக்கத்தால போய்ப் பாத்தா மேக்கப் போட்ட ஐயா தனிய இருந்து தகரப் பெட்டிக்குள்ள சாமானுகளை அடுக்கிக்கொண்டிருக்கிறார். அந்தப் பெட்டியைக் கண்டோடன எனக்குப் பள்ளிக்கூடக் காலம் ஞாபகம் வந்திட்டுது.

தமிழ்த் தினப் போட்டிக்கு நாங்கள் அரிச்சந்திரன் கதை போட்டனாங்கள், நான்தான் அரிச்சந்திரன். எங்களுக்கு மேக்கப் போட வந்தவர் சைக்கிள் கரியரில பெட்டியைக் கட்டிக்கொண்டு விடியவே வந்திட்டார். முதல்ல முகம் முழுக்கத் தேங்காயெண்ணெய், பிறகுதான் முத்துவெள்ளைப் பூச்சு. கண்ணுக்கு மை கீறேக்க "தம்பி, முகட்டைப் பார், என்னைப் பாக்காத" எண்டவர், அந்தக் குரல் இப்பவும் காதுக்க இருக்கு.

மயான காண்டத்தில பாடிக்கொண்டு நிக்கேக்க வேர்வையில என்ர மீசை ஒருபக்கம் கழண்டிட்டுது, எனக்குத் தெரியாது. அவர் சைட் திரைக்குப் பின்னால நிண்டு தன்ர மேலுதட்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டுறார். எனக்கு விளங்கினதும் அழுற மாதிரி முதுகைக் காட்டித் திரைப் பக்கம் தள்ளிப் போனன், அவர் கையை மட்டும் நீட்டி மீசையை ஒரு அமத்து அமத்தினார், அவ்வளவுதான், நான் திரும்பி வந்து மிச்சப் பாட்டைப் பாடினன். சபையில ஒருத்தருக்கும் தெரியாது. எங்களுக்கு முதலாம் இடம் கிடைச்சுது. போட்டோவில ரீச்சர்மார் எல்லாரும் நிக்கினம், அவர் இல்லை, நாங்கள் கூப்பிடவும் இல்லை. அது எனக்கு இண்டைக்கும் மனசுக்க குத்துது.

இசை நாடகம் நடிச்ச நடிகமணி வைரமுத்து அவையின்ர பேர் எங்கட ஊரில சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நாடகக்காரர் குழந்தை சண்முகலிங்கம் ஐயா ஆக்கள் 1978இல நாடக அரங்கக் கல்லூரி துவங்கினதைப் பற்றியும் கனக்க எழுதிப்போட்டினம், எழுதத்தான் வேணும். ஆனா சீன் கட்டினவை, உடுப்புத் தைச்சவை, லைட் பிடிச்சவை? உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களைப் பற்றி எழுதுங்கோவன். இப்ப இருக்கிற ஆக்களின்ர பேரை அவையிட்டக் கேக்காமல் போடாதேங்கோ.

குருநகர்ப் பேத்தி:
அண்ணை, வாசிச்சு அழுதிட்டன். எங்கட பக்கம் கூத்தெண்டா அதைப் பழக்கிற அண்ணாவியாரைத்தான் எல்லாருக்கும் தெரியும். நான் சொல்லப்போறது பிற்பாட்டுப் பாடின ஒரு அப்புவைப் பற்றி. எங்கட அம்மம்மாவின்ர ஒண்டுவிட்ட தமையன். கூத்துப் பாட்டெல்லாம் எழுதின கொப்பி அவரிட்டத்தான் இருக்கும், ஏனெண்டா அண்ணாவியார் வீட்டில கூரை ஒழுக்கு.

1995 ஒக்ரோபரில சண்டையால யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயரேக்க சனம் மழைக்குள்ள நாவற்குழிப் பக்கம் நகர ஏலாமல் நிக்கேக்க, அவர் தோளில தூக்கினது ஒரு சீனிப் பை, அதுக்குள்ள அந்தக் கொப்பி, சாரம் ரெண்டு, வேற ஒண்டுமில்லை. அம்மம்மா அரிசியைக் கொண்டுவராமல் இதைக் கொண்டுவந்திருக்கிறியே எண்டு பேசினவவாம். தென்மராட்சியில ஒரு பள்ளிக்கூட விறாந்தையில இருக்கேக்க பாத்தா நனைஞ்சு பாதிப் பக்கம் மை கரைஞ்சு போச்சுது. மனுசன் இரவில மெல்லமாப் பாடிப் பாடி, எங்க வரி விடுபடுதோ அங்க பக்கத்தில படுத்திருந்த மற்றக் கூத்துக்காரரைத் தட்டி எழுப்பிக் கேப்பாராம். அடுத்த வருசம் ஊருக்குத் திரும்பி வந்தாப் பிறகு ஒரு புதுச் சீஆர் கொப்பியில முழுக்க எழுதினவர். அந்தக் கையெழுத்தை நான் கண்டிருக்கிறன், "ழ" எல்லாம் பெரிசு பெரிசா இருக்கும்.

திருமறைக் கலாமன்றம் மாதிரி 1965இல இருந்து இயங்கின அமைப்புகள் கூத்துக்குச் செய்தது பெரிய வேலை, அதை நான் குறைச்சுச் சொல்லேல்லை. ஆனா மேடையில பாட ஒரு பாட்டு மிஞ்சியிருக்க வேணுமே, அதை மிச்சம் பிடிச்சுத் தந்தது இப்பிடியான ஆக்கள்.

மருதனார்மடத்தாள்:
நான் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில நடனம் படிச்சனான். எனக்கு மறக்க ஏலாத ஆள் ஒரு சவுண்ட் செற் கடைக்கார அண்ணை. 2022இல கரண்ட் எப்ப வரும் எண்டு தெரியாது, டீசலுக்கு வரிசை, எங்கட தங்கச்சியின்ர அரங்கேற்றத்தைத் தள்ளி வைப்பம் எண்டு அப்பா சொல்லிப்போட்டார். அந்த அண்ணை கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்து, "ஜெனரேட்டருக்கு என்னட்ட ஒரு கான் டீசல் இருக்கு, கலியாண வீடு ஒண்டுக்குக் கேட்டவை, நான் இன்னும் சொல்லேல்லை, பிள்ளை ஆடட்டும்" எண்டார். வர்ணம் ஆடிக்கொண்டிருக்கேக்கதான் கரண்ட் போனது. நட்டுவாங்கம் சொன்ன மிஸ் நிப்பாட்டேல்லை, மிருதங்கம் நிக்கேல்லை, தங்கச்சியும் இருட்டுக்குள்ள ஆடிக்கொண்டே நிண்டவள், சலங்கைச் சத்தம் மட்டும் கேட்டுது. கொஞ்ச நேரத்தில பின்னால ஜெனரேட்டர் உறுமிச்சுது, லைட் வந்துது.

காசு மட்டும் வழமையான வாடகைதான் வாங்கினவர், டீசலுக்கு எடுக்கேல்லை. பிறகு என்ர நிகழ்ச்சிக்கு நோட்டீஸ் அடிக்கேக்க ஒலி, ஒளி எண்டு அவரின்ர பேரைப் போட்டம். போன கிழமை மைக் ஒண்டு எடுக்கப் போனனான். மேசைக் கண்ணாடிக்குக் கீழ அந்த நோட்டீஸ் இருக்கு. இனிஷலை நாங்கள் பிழையா அடிச்சிருக்கிறம், அவர் பேனையால திருத்தி வைச்சிருக்கிறார்.