கேரளா, பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் யாராவது இருக்கீங்களா?

வணக்கம். என் மகளுக்கு 8 வயது, மூளை முடக்குவாதம். நடக்க வராது. ஆனால் இடது கையால் தன் பெயரைத் தமிழில் எழுதுவாள். 'ழ' மட்டும் கொஞ்சம் சாயும். பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளியில், "அம்மா கூடவே உட்கார்ந்தால் சேர்க்கிறோம்" என்கிறார்கள். தோப்பு வேலைக்குப் போகிறவள் நான், அதெப்படி முடியும்?

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 31ஆவது பிரிவு: 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருந்தால் 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வி. இவள் சான்றிதழில் 75.

பி.ஆர்.சி.யிலிருந்து (பள்ளிகளுக்கு உதவும் வட்டார வள மையம்) சிறப்பு ஆசிரியை வர யாரிடம் மனு கொடுப்பது? தமிழில் எழுதினால் வாங்குவார்களா? மலையாளம் பேசுவேன், எழுத வராது. அக்காமார் யாராவது ஒரு பக்கம் எழுதித் தருவீர்களா?