ரெண்டு விரல் காட்டினால் என்ன அர்த்தம்? எல்கேஜி வீட்டுக் கதைகள்

உசிலம்பட்டி மருமகள்

இன்னும் என் மாமனார் முகத்தைப் பார்த்தால் சிரிப்பை அடக்க முடியவில்லை, அதனால் இங்கே கொட்டுகிறேன். எல்கேஜி விரல் ரூல் எல்லோருக்கும் தெரியும்தானே? சுண்டு விரல் என்றால் ஒண்ணுக்கு, ரெண்டு விரல் என்றால் ரெண்டுக்கு. என் மகள் வீட்டையும் கிளாஸாக்கிவிட்டாள். விரல் காட்டாமல் பாத்ரூமுக்குள் போனால் "மிஸ்கிட்ட கேட்டியா?" என்று கதவைத் தட்டுவாள். மாமாகூட ஒரு கையில் வேட்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையில் விரல் காட்டியிருக்கிறார்.

அப்புறம் தேர்தல் வந்தது. பிரசார ஜீப் எங்கள் தெருவுக்குள் நுழைகிறது. வேட்பாளர் மேலே நின்று, வாயெல்லாம் பல்லாக, இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வருகிறார். மாமா சின்ன வயதிலிருந்தே இரட்டை இலைக்காரர். வாசலில் முதல் ஆளாக நிற்கிறார், ஆரத்தித் தட்டோடு அத்தை. சொல்லிவைத்தாற்போல் மைக் நின்ற அந்த நொடியில் இவள் கத்தினாள்:

"தாத்தா, அந்த அங்கிளுக்கு ரெண்டுக்கு வருதாம்! சீக்கிரம் விடச் சொல்லுங்க!"

ஜீப்பில் இருந்த மற்றவர்களும் விரல் காட்டிக்கொண்டிருந்தார்களா, "அய்யய்யோ, எல்லாருக்கும் வருதாம்" என்று வேறு சேர்த்துக்கொண்டாள்.

அத்தை சிரித்த சிரிப்பில் கற்பூரமே அணைந்துவிட்டது. மாமா மட்டும் சிரிக்கவில்லை. ராத்திரி அவளை உட்காரவைத்து, "இது எம்ஜிஆர் காட்டின விரல் பாப்பா. 1973ல திண்டுக்கல் இடைத்தேர்தல்ல மாயத்தேவர் ஜெயிச்சாரே, அந்தச் சின்னம்" என்று பாடம் நடத்தினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "எம்ஜிஆர் எந்த மிஸ் கிளாஸு?"

கோவை அப்பா

எல்லோருக்கும் தெரியும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? நான் படித்த பள்ளியில் ஒண்ணுக்கு ஆள்காட்டி விரல்தான். சுண்டு விரலைக் காட்டினால் அது 'டூ'. கா விடுவதற்கு.

எங்கள் தெருவுக்குக் கை சின்னம் வந்தது. வேட்பாளர் உள்ளங்கையைத் தூக்கியதும் பையன், "அவருக்கு டவுட்டாம்ப்பா, கேளுங்க" என்றான்.

பாட்டி வீட்டுப் பையன்

விரலை விடுங்கள். அக்கா மகன் பள்ளியில் தமிழில் பேசினால் ஃபைன். அவன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து என் அம்மாவிடம் பத்து ரூபாய் கேட்டான். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "எந்தப் பாஷையிலடா கேட்ட?" என்றார். "தமிழ்லதான்." "அப்ப உன் பத்து, என் பத்து, கழிஞ்சு போச்சு. போ."

இரண்டு பிள்ளைத் தாய்

என் மகன் விரல் காட்டியும் மிஸ் பார்க்கவில்லை, நனைந்த டிராயரோடு வந்தான். அவ்வளவுதான் என் கதை. ஆனால் ஒன்று சொல்கிறேன். யாரும் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். பாத்ரூமுக்கு விட மாட்டார்கள் என்ற பயத்திலேயே பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதில்லை. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 2025ல் வாட்டர் பெல் கொண்டுவந்தார்கள், நல்ல விஷயம். குடித்ததை வெளியே விடவும் ஒரு பெல் வேண்டாமா? அடக்கி அடக்கி வைத்தால் மலச்சிக்கல் வரும், சிறுநீரில் தொற்று வரும். மாலையில் பாட்டிலைத் திறந்து பாருங்கள், காலையில் நிரப்பியது அப்படியே இருந்தால் டைரியில் எழுதி அனுப்புங்கள். வெறும் வாய்ப்பேச்சு வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17: உடலாலும் மனதாலும் பிள்ளையைத் துன்புறுத்தக் கூடாது. அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மாற்று டிராயர் ஒன்று பையிலேயே இருக்கட்டும். எலாஸ்டிக் வைத்தது. கொக்கி வேண்டவே வேண்டாம்.

கோவை அப்பா

மேடம், இங்கே யாரும் யோசனை கேட்கவில்லையே. எலாஸ்டிக் விஷயம் மட்டும் சரி.

உசிலம்பட்டி மருமகள்

கோவைக்காரரே, உங்கள் ஆள்காட்டி விரல் ரூல் என் மகளுக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது. ஓட்டுப் போட்டுவிட்டு, மை வைத்த விரலை நீட்டிக்கொண்டு பெருமையாக வீட்டுக்குள் வந்தார் மாமா. இவள் ஓடிப்போய் பாத்ரூம் கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.