ஆல்பைன் புல்வெளி: ‘மேல்வரைப் புல்வெளி’ சரிவருமா?

வணக்கம். உத்தராகண்டின் புக்யால்களில் (இமயமலையின் உயரப் புல்வெளிகளில்) இரவு தங்கக் கூடாது, 200 பேருக்கு மேல் போகக் கூடாது என்று அந்த மாநில உயர் நீதிமன்றம் 2018-இல் உத்தரவு போட்டதே, அதைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். ‘ஆல்பைன்’ வரும் இடமெல்லாம் ‘மலையுச்சிப் புல்வெளி’ என்று வைத்திருக்கிறேன். போதுமா?

*

போதாது தம்பி. நீலகிரிப் புல்வெளியையும் அப்படித்தானே எழுதுகிறோம்? இரண்டும் ஒன்றல்ல. நீலகிரியில் தைலமரமும் சீகை மரமும் நட்டார்கள். அவை புல்லை விழுங்கிவிட்டு ஓங்கி வளர்ந்தன. தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். உறைபனி நாற்றைக் கருக்கும், அது வேறு கதை. மரமே நிற்க முடியாத குளிர் அங்கே இல்லை.

ஆல்பைன் என்றால் குளிரால் மரம் நின்றுபோன இடம். வளரும் பருவத்தின் சராசரி வெப்பம் சுமார் 6 டிகிரிக்குக் கீழே போனால் மரம் தாங்காது, புல் தாங்கும். மரத்தின் கிளைநுனி காற்றில் நிற்கிறது. காற்றின் குளிர்தான் அதற்கும். நான்கு விரல் உயரப் புல்லோ தரையோடு ஒட்டிக் கிடந்து, பகல் வெயில் மண்ணில் ஏற்றிய சூட்டில் பிழைத்துக்கொள்கிறது.

ஆகவே பெயரில் அந்த எல்லை தெரிய வேண்டும். தமிழில் ‘வரை’ என்றால் மலை, எல்லையும் அதுவே. இதைவிட வேறென்ன வேண்டும்? மரம் முடியும் கோடு ‘மரவரை’. அதற்கு மேலே ‘மேல்வரைப் புல்வெளி’. மரவரைக்குச் சற்றுக் கீழே வரும் சப்-ஆல்பைனுக்குக் ‘கீழ்வரைப் புல்வெளி’. பெயர் குழம்பினால் வேலையும் குழம்பும்: நீலகிரியில் புல்வெளியை மீட்பது என்றால் சீகையைப் பிடுங்குவது, உத்தராகண்டின் தயாரா புக்யாலில் அரித்த சரிவில் தென்னை நார்ப் பாய் விரித்து மண்ணைப் பிடித்தார்கள்.

‘புக்யால்’ அந்த ஊர்க்காரர்கள் சொல். இடப்பெயரோடு வந்தால் கைவைக்காதீர்கள். சொல்லப்போனால், ‘ஆல்ப்’ என்பதே சுவிஸ் மலைக்காரர்களுக்குக் கோடை மேய்ச்சல் நிலம்தான்.

*

‘மரவரை’ அருமை அண்ணா. ‘மரம் வரை’ என்று பிரித்துப் படித்தாலும் பொருள் கெடவில்லை. ஆனால் ‘கீழ்வரை’ என்றதும் எனக்கு அடிவாரம்தான் கண்ணில் வந்தது. 3,000 மீட்டரில் கிடப்பதை அப்படிச் சொல்லலாமா? ‘வரையொட்டிய புல்வெளி’ என்று வைத்தால்?

*

சரிதான் அம்மா, எனக்குத் தோன்றவில்லை. ‘வரையொட்டிய’ இருக்கட்டும். அப்புறம், மரவரையில் காற்றில் அடிபட்டுக் குறுகி வளைந்து நிற்கும் மரங்களை ‘க்ரும்ஹோல்ஸ்’ என்கிறார்கள். ‘கூன்மரம்’ என்று போடலாமா?